தூண் வரைக்கும்

மலேசியாவில், பத்து பாகாட் ஊரின் பழைய கடைத்தெருவில் எல்லாக் கடைகளுக்கு முன்னாலும் தூண் உண்டு. ஆனால் பெர்னார்டின் துணிக்கடையைத் தாண்டி என் பாத்திரக் கடை வாசலில் நிற்கும் தூணுக்கு மட்டும் வியாபாரத்தில் ஒரு பதவி இருந்தது. விலை படியாமல் வெளியேறும் வாடிக்கையாளர்கள் நடைபாதையில் அந்தத் தூண் வரை போக வேண்டும். அதுவரை பெர்னார்ட் வாயைத் திறக்க மாட்டான். அதற்கு முன்னால் கூப்பிட்டால் கடைக்காரனுக்கு அவசரம் என்று தெரிந்துவிடும். தூணைத் தாண்டவிட்டால் எதிர்வரிசைக் கடைக்குப் போய்விடுவார்கள். சேலை முந்தானை தூணில் உரசும் அந்த நொடியில்தான் உள்ளிருந்து குரல் வரும்.

"அக்கா! வாங்க, வாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படி?"

போகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கூப்பிடுவான் என்று தெரியும். அதனால் தூணருகே நடையைக் குறைப்பார்கள். செருப்பு வாரைச் சரி செய்வார்கள். வராத தும்மலுக்குக் கைக்குட்டை தேடுவார்கள். ஒன்றை மட்டும் செய்யவே மாட்டார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்தால் துணி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் விலை இறங்காது.

இந்த வித்தையில் பேச்சியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. மகளைப் பார்க்கப் பெக்கான் நானாஸிலிருந்து பஸ் ஏறி வரும்போதெல்லாம் இங்கேயும் ஒரு நடை வருவார். வாங்குவது ஒரு ரவிக்கைத் துணியாக இருக்கும். அதற்குக் கடையையே விலைக்குக் கேட்பது போலப் பேசுவார். தூணருகே அவர் நிற்கும் நிலை இருக்கிறதே, ஏதோ சாமி ஊர்வலம் வருவதற்காகக் காத்திருப்பது போல இருக்கும். அவ்வளவு அமைதி, அவ்வளவு நேரான முதுகு.

பெர்னார்டின் மகள் அபிகெயில் வளர்ந்தது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

அவள் அம்மா கிறிஸ்டின் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பேறுகால விடுப்பு முடிந்ததும், பிள்ளையை யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்தது. "இவ்ளோ பெரிய கடை இருக்கு, யார்கிட்ட விடணும்?" என்று பெர்னார்ட் சொல்லிவிட்டான். சேலை அலமாரிக்குக் கீழே தொட்டில் கட்டினான். கண் விழித்து உலகத்தைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை பார்த்தது இதைத்தான்: பெரியவர்கள் கோபமாகக் கிளம்புவார்கள், அப்பா கூப்பிடுவார், அவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். மற்றப் பிள்ளைகள் ஞாயிறு மறைக்கல்வியில் கற்றுக்கொள்ளும் நம்பிக்கையை அபி துணிக்கடையிலேயே கற்றுக்கொண்டாள். போகிறவர்கள் எல்லாரும் கூப்பிடப்படுவார்கள்.

பேச வந்ததும் பேரம் வந்துவிட்டது. மதியம் கல்லாவுக்குப் பின்னால் சோறு ஊட்டும் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும்.

"இன்னும் அஞ்சு வாய் சாப்பிடு, கண்ணு."

"ரெண்டு."

"நாலு. அப்புறம் கார்ட்டூன்."

"மூணு. அதுல ஒண்ணு குட்டி வாய்."

"சரி, ஒன்னோட முகத்துக்காக."

முகத்துக்காக என்று சொல்லி அவன் தோற்பதைப் பார்த்து வரிசையே சிரிக்கும். அவனுக்கும் பெருமை தாங்காது. "நாளைக்கு இந்தக் கடையை இவதான் நடத்தப் போறா" என்று துணி அளக்கும் கோலால் மகளைச் சுட்டிக் காட்டுவான்.

கிறிஸ்டின் வேறு மாதிரி. மருந்துக் கடையில் எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். யாரும் அங்கே போய் இருமல் மருந்துக்குப் பேரம் பேசுவதில்லை. அந்தப் பழக்கமோ, லாபிஸில் அவளை வளர்த்த வீட்டின் பழக்கமோ, பிள்ளையிடமும் ஒரே விலைதான். "தூங்கணும்" என்றால் தூங்கணும். "போதும்" என்றால் போதும். அபி அம்மாவிடம் ஓரிரு முறை முயன்று பார்த்தாள். தூண் வரை போனால்கூட அங்கிருந்து குரல் வராது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் கிறிஸ்டினின் கார் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதும் அபி போட்டதைப் போட்டபடி ஓடுவாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு முத்தமாகக் கொடுப்பாள். அத்தனையும் ஓசி.

பெர்னார்ட் கன்னத்தை நீட்டுவான். "அப்பாவுக்கு?"

"என்ன தருவீங்க?"

முதலில் அவன் இதையும் வரிசை முழுக்கச் சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்புக் குறைந்தது. ஒரு நாள் மழையில் வாடிக்கையாளர் யாரும் வராத நேரம், என் கடையில் வந்து ஒரு குக்கர் மூடியைத் திறந்து மூடியபடி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, பெத்த அப்பன் ஒரு முத்தத்துக்குச் சாக்லேட் குடுக்கணுமாம். இது நியாயமா?"

"நீதானேப்பா மொதல்ல சாக்லேட்டக் காட்டுன."

"அது புரோமோஷன்ணே! முடிஞ்சிருச்சுன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா."

"புரோமோஷன் முடிஞ்சா கஸ்டமரு அடுத்த கடைக்குப் போவாங்க. ஒனக்குத் தெரியாததா?"

"அடுத்த கடைதான் என் பொண்டாட்டியாச்சே. அங்க எல்லாம் இலவசமாப் போவுது" என்றான். சிரிக்கவில்லை. மூடியை இன்னொரு முறை திறந்து உள்ளே பார்த்தான். "ஒரே ஒரு தடவண்ணே. ஒண்ணும் கேக்காம, அவளா வந்து ஒண்ணு குடுத்தாப் போதும்."

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். தெருவில் இருக்கும் எல்லாச் சரக்கையும் அடிமட்ட விலைக்கு வாங்கத் தெரிந்தவன், ஓசியில் மட்டும் ஒன்றை வாங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அபியின் பாலர் பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். "பெற்றோரும் பிள்ளையும்: பாசப் பிணைப்பு" என்று பலகையில் எழுதி, பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு பெரிய வட்டமும் பிள்ளைக்கு ஒரு சின்ன வட்டமும் வரைந்திருந்தார் யோகேஸ்வரி டீச்சர். தம்பதியாக வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெர்னார்ட் கடையைப் பூட்டிவிட்டுப் போனான். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

"சின்னப் பிள்ளைங்க வெளையாடப் போறப்ப கொஞ்ச தூரம் போயிட்டு ஒரு தடவ திரும்பிப் பார்க்கும்" என்றாராம் டீச்சர். "எதுக்குத் தெரியுங்களா? நீங்க அங்கயே இருக்கீங்களான்னு பாக்கத்தான். ஒங்க மொகம் தெரிஞ்சா இன்னும் கொஞ்ச தூரம் தைரியமாப் போகும். பயந்தா ஓடி வந்துரும்."

பெர்னார்ட் கையைத் தூக்கியிருக்கிறான். "டீச்சர், திரும்பிப் பாத்தா பாதி வாங்குன மாதிரி. அப்புறம் நாம வெலையக் கொறைக்க வேண்டியதில்ல."

எல்லாரும் சிரித்தார்களாம். டீச்சரும் சிரித்திருக்கிறார். கிறிஸ்டின் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டிருக்கிறாள்.

"நம்ம பிள்ள திரும்பிப் பாக்குதா?"

"பாக்கும், பாக்கும்."

"எங்கூட வந்தா பாக்குறா. ஒங்ககூட வந்தா பாக்கிறதே இல்ல. கவனிச்சிருக்கீங்களா?"

பெர்னார்ட் யோசித்துப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்த்ததில்லைதான். அபி அவனிடம் முறுக்கிக்கொண்டு கிளம்பினால் முதுகை நேராக வைத்து, கையை வீசாமல், நேரே போவாள். அசல் பேச்சியம்மாள். அதைப் பார்த்து அவன் ரசித்துத்தான் இருக்கிறான். ரசிக்க மட்டும்தான் செய்திருக்கிறான்.

"இனிமே பேரம் வேணாம்ங்க" என்றாள் கிறிஸ்டின். "நீங்களும் ஒரே வெல. சொன்னா சொன்னதுதான்."

"ஒரே வெலக் கடை நடத்துறது ரொம்பச் சிரமம்மா. பழக்கமில்ல."

"பழகிக்குங்க."

பழகப் பார்த்தான். முதல் நாள் "ஐஸ்கிரீம் இல்லை" என்று ஒரே விலையாகச் சொன்னான். அபி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆள் இன்று என்னமோ மாதிரி இருக்கிறார் என்று நினைத்திருப்பாள். பிறகு ஸ்டூலை விட்டு இறங்கி, வாசலைக் கடந்து, நடைபாதையில் நடந்து, தூணருகே நின்றாள். செருப்பு வாரைச் சரி செய்தாள். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.

நான் என் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெர்னார்டின் உதடுகள் துடிப்பது தெரிந்தது. வாழ்நாள் பழக்கம் அல்லவா?

"அபி! வா, வா. கோவிச்சுக்காத. கப் வேணுமா, கோன் வேணுமா?"

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கடைசியில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். வியாபாரிகள் எல்லாருக்கும் தெரிந்த முடிவுதான்: தொடர்ந்து முறுக்கிக்கொள்ளும் வாடிக்கையாளரை ஒரே ஒரு முறை கூப்பிடாமல் விட வேண்டும். ஒரு முறை தானாகத் திரும்பி வந்துவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த நடை நடக்க மாட்டார்கள். துணியில் இது பலித்திருக்கிறது. மகள் துணி இல்லை என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை போட்டிருந்தார்கள். கிறிஸ்டினுக்கு இரவு வரை வேலை. பெர்னார்ட் அபியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். எனக்கும் வேர்க்கடலை வைத்து மடித்த ஆப்பம் பாலிக் சாப்பிட ஆசையாக இருந்தது, கூடவே போனேன். இன்னும் இருட்டவில்லை. ரோட்டின் இரு பக்கமும் கூடாரம் போட்டுக் கடைகள். சாத்தே இறைச்சி சுடும் புகை ஒரு பக்கம், கரும்புச் சாறு பிழியும் சத்தம் ஒரு பக்கம். "மாரி, மாரி!" என்று கடைக்காரர்கள் அழைப்பு. பெர்னார்டுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே முகம் மலரும். தொழில் செய்கிறவன் விடுமுறையில் போய் மற்றவர்கள் தொழில் செய்வதைப் பார்ப்பது ஒரு சுகம்.

அபி ஒரு பொம்மைக் கடையில் நின்றுவிட்டாள். விளக்கு எரிந்தபடி சோப்புக் குமிழிகளைத் துப்பும் துப்பாக்கி ஒன்று அங்கே தொங்கியது.

"அப்பா, அது."

"வேணாம். வீட்ல ஒண்ணு இருக்கு."

"அது ஒடஞ்சிருச்சு."

"வேணாம்னா வேணாம்." பெர்னார்ட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தீங்களாண்ணே, ஒரே வெல."

அபி யோசித்தாள். "ஒரு முத்தம் தரேன்."

பெர்னார்டின் முகத்தில் ஏதோ அசைந்தது. எனக்கே பாவமாக இருந்தது. அவன் தலையை ஆட்டினான். "வேணாம்."

"ரெண்டு."

"வேணாம்."

"ரெண்டு, அப்புறம் ஒரு பெரிய கட்டி."

கட்டிப்பிடிப்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். பெர்னார்ட் அந்தக் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சரக்கு, விலை ஏறி ஏறித் தானாகவே வந்து நிற்கிறது. ஆனால் இதுவும் விலைக்குத்தானே? "வேணாம்மா" என்றான். 

அபி அழவில்லை, தரையில் புரளவில்லை. அவள் அந்த ரகம் இல்லை. திரும்பினாள். முதுகை நேராக வைத்துக்கொண்டாள். நடந்தாள்.

"கூப்புடுப்பா" என்றேன்.

"இல்லண்ணே. இன்னைக்குக் கூப்புட மாட்டேன். எவ்ளோ தூரம் போறான்னு பாப்போம். நடையப் பாருங்களேன், பேச்சியம்மா தோத்தாங்க."

நாங்கள் இருவரும் அந்த நடையைப் பார்த்து நின்றோம். ஆப்பம் பாலிக் கடை வரை தெரிந்தாள். அதற்கப்புறமும் மஞ்சள் சட்டையின் முதுகு கொஞ்சம் தெரிந்தது. யாரோ ஒரு பெரிய குடும்பம், தள்ளுவண்டிக் குழந்தையும் பலூனுமாக, குறுக்கே போனது. அவர்கள் போய் முடிந்தபோது மஞ்சள் சட்டை இல்லை.

"நின்னுருப்பா" என்றான் பெர்னார்ட். "எங்கயாச்சும் நின்னு காத்துக்கிட்டு இருப்பா."

கண்ணுக்கெட்டிய வரை எங்கேயும் நிற்கவில்லை.

அவன் நடக்கத் தொடங்கினான். பிறகு ஓடினான். நான் என் வயதுக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். "அபி! அபிகெயில்!" என்று கத்தினான். சந்தையில் எல்லாருமே கத்திக்கொண்டிருந்ததால் அவன் கத்தல் இன்னொரு கடைக்காரனின் கத்தலாகவே கேட்டது. ஒரு பையன் அவனிடம் சாக்ஸ் விற்கப் பார்த்தான். ஆப்பம் பாலிக் கடை மலாய்க்கார அம்மா, மாவுக் கரண்டியோடு வெளியே வந்து, "அனாக் ஹிலாங்கா?" என்று கேட்டுவிட்டு, கடையை அப்படியே விட்டு எங்களோடு தேட வந்தார். பிள்ளையைக் காணோம் என்பது எந்த மொழியிலும் பேரம் பேசாமல் புரிந்துவிடுகிறது.

"அபி, வா! துப்பாக்கி வாங்கித் தரேன்!"

கூட்டத்தில் சிலர் திரும்பினார்கள்.

"ரெண்டு வாங்கித் தரேன்! என்ன கேட்டாலும் தரேன்! வாம்மா!"

இத்தனை வருஷத்தில் பெர்னார்ட் எடுத்த எடுப்பில் இப்படி ஒரு விலை சொல்லி நான் கேட்டதில்லை. எதிரில் ஆளே இல்லாமல் சொல்லிக்கொண்டு ஓடினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு இடத்தில் கரும்புச் சக்கையில் வழுக்கி, முழங்கால் ஊன்றி எழுந்தான். வலித்ததா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அதற்குள் இருட்டிவிட்டது. கடைகள் முடிகிற இடத்தில், கூடார வெளிச்சமும் முடிகிற இடத்தில், ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் சட்டை.

அவள் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. ஒரு கை கம்பத்தைப் பிடித்திருந்தது. நேராகத்தான் நின்றாள். ஆனால் அந்த நேரான முதுகு குளிர் அடித்தது போல விட்டு விட்டு நடுங்கியது. அவளுக்கு முன்னால் கார்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்த பெரிய ரோடு. இத்தனைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெர்னார்ட் நின்றான். கத்திக்கொண்டே வந்தவனுக்கு இப்போது சத்தம் வரவில்லை. 

"அபி."

அவள் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"தூணே இல்லப்பா" என்றாள். "இங்க எங்கயும் தூண் இல்ல. தேடிக்கிட்டே வந்தேன். இதுதான் இருந்துச்சு. இங்கதான் நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். ஏன் கூப்புடல?"

பெர்னார்ட் அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்ப்பா கூப்புடல?"

வேறு யாராவதாக இருந்தால் கூப்பிட்டேன், உனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். பாதி உண்மைதானே? அவனும் அதைத்தான் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். பெர்னார்ட் மகளின் முகத்தைப் பார்த்தான். "அப்பா ஜெயிக்கப் பாத்தேம்மா" என்றான்.

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல."

அவள் வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். தூக்கினான். திரும்பி வரும்போது பொம்மைக் கடை முன்னால் நின்று, அந்தத் துப்பாக்கியை எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினான். அபி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "வேணாம். வீட்டுக்குப் போலாம்."

பேரமே இல்லாமல் அவள் ஒன்றை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் முறை. அதைக் கேட்டதும் பெர்னார்ட் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் முகம் வெளுத்துவிட்டது.

கிறிஸ்டினிடம் மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். என்னை மௌனமாக்க ஒரு தட்டு சாத்தே போதும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் வேலை முடிந்து காரை விட்டு இறங்கியதும், கடை வாசலிலேயே நின்று, ஒன்றையும் விடாமல் சொன்னான். அபி அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இடி விழப் போகிறது என்று நான் என் கடைக் கதவை இழுத்துச் சாத்தப் போனேன். இடி விழவில்லை.

"நானும் ஒண்ணு சொல்றேன்" என்றாள் கிறிஸ்டின். "லாபிஸ்ல எங்க வீட்ல சாப்பிட ஒரு தடவதான் கூப்பிடுவாங்க. வரலேன்னா சோறு கெடையாது. நான் வீம்புக்குப் போக மாட்டேன். பசியோட படுத்துக்கிட்டு, இன்னொரு தடவ கூப்பிட மாட்டாங்களான்னு காதத் தீட்டிக்கிட்டு இருப்பேன். கூப்பிட்டதே இல்ல. ஒரே வெலன்னா ஒரே வெலதான்."

பெர்னார்ட் அவளைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் இந்தச் சரக்கு அவன் கண்ணில் பட்டதே இல்லை.

"அப்ப ஒரே வெலயும் வேணாங்குறியா?"

"சோறு, தூக்கம், கார்ட்டூன், எல்லாத்துக்கும் நீங்க பேரம் பேசிக்குங்க. நான் பேச மாட்டேன். கூப்பிடறதுக்கு மட்டும் வெல வேணாம். எத்தன தடவ போனாலும் கூப்பிடணும். ஒங்களுக்கும் அதான், எனக்கும் அதான்."

"கார்ட்டூனுக்கு நீயும் கொஞ்சம் எறங்கி வரலாம்."

"என்னங்க!"

"சரி, சரி. ஒன்னோட முகத்துக்காக."

அதற்கப்புறம் சில வாரங்கள் பெர்னார்ட் வியாபாரம் செய்த அழகைப் பார்க்க வேண்டும். அபி அவனை விட்டு நகரவில்லை. அவன் துணி அளந்தால் அவள் அளவுகோலின் மறுமுனையில். அவன் ஏணியில் ஏறினால் கீழே அவன் கால்சட்டையைப் பிடித்தபடி. கழிவறைக்குப் போனால் வெளியே கதவைத் தட்டி, "உள்ள இருக்கீங்களா?" என்ற விசாரணை. உள்ளிருந்து, "இருக்கேம்மா, இருக்கேன்!" என்று பதில். வாடிக்கையாளர்கள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மெல்ல மெல்லக் கொஞ்சம் விலகினாள். வாசற்படி வரை போனாள். உடனே உள்ளிருந்து குரல்.

"அபி!"

"என்னப்பா?"

"சும்மா."

அவளுக்கு இது புதிது. ஒன்றும் தரப்போவதில்லை, ஒன்றும் கேட்கப்போவதில்லை, பிறகு எதற்குக் கூப்பிட்டார்? இன்னும் நாலு எட்டு வைத்தாள். மறுபடி "அபி!" மறுபடி "சும்மா." விளையாட்டாகப் போய்விட்டது. வேண்டுமென்றே போவாள், கூப்பிடுவான், சிரித்துக்கொண்டு ஓடி வருவாள். இதற்கு நடுவில் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்டை காய்ந்து, சொன்ன விலைக்கே வாங்கிப்போனதும் உண்டு. கெட்டதிலும் ஒரு லாபம்.

ஒரு நாள் அபி தூண் வரை வந்தாள். நின்றாள். செருப்பைத் தொடவில்லை. கழுத்தைத் திருப்பிக் கடையைப் பார்த்தாள். பெர்னார்ட் உள்ளே கையில் கத்திரிக்கோலோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு, தூணைத் தாண்டி, நேரே என் கடைக்குள் வந்து இரண்டு குண்டான் மூடிகளை எடுத்து மோதி அடிக்கத் தொடங்கினாள். காது கிழிந்தது. யோகேஸ்வரி டீச்சரின் வட்டங்கள் இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வார இறுதியில் பேச்சியம்மாள் வந்தார்.

பேத்தியின் சடங்குக்குப் பட்டுச் சேலை வேண்டும் என்றார். பட்டு என்றதும் எங்கள் வரிசையில் சிலர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டோம். சேலைகள் மலை போலக் குவிந்தன. ஒன்றுக்குக் கரை சரியில்லை, ஒன்று சாயம் போகும், ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அரக்கு நிறத்தில் ஒன்றை அவருக்குப் பிடித்துவிட்டது. அதைத்தான் அவர் பார்க்கவே இல்லை.

"அது கெடக்கு. அத என்ன சொல்ற?"

பெர்னார்ட் சொன்னான்.

"அலமாக்! நான் சேலையத்தான் கேட்டேன் தவ்கே, ஒன் கடைய இல்ல."

"வாங்குன வெலை சொல்றேன் அக்கா."

"எந்த ராஜாகிட்ட வாங்குன?"

கொஞ்ச நேரம் அது அருமையாகப் போனது. பிறகு பேச்சியம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வேற கடையில பாத்துக்கிறேன்" என்றார். எழுந்தார். நடையைக் கட்டினார்.

பெர்னார்ட் கல்லாவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். முந்தானை தூணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் மூச்சை இழுத்தான்.

அப்போது என் கடையிலிருந்து அபி புறப்பட்டாள். மூடிகளைக் கீழே போட்டாள். நடைபாதையில் பேச்சியம்மாளுக்கு எதிர்த் திசையில், அவரைக் கடந்து, கடைக்குள் ஓடினாள். ஸ்டூலில் ஏறினாள். பெர்னார்டின் காதைப் பிடித்துத் தலையை வளைத்து, கன்னத்தில் நச்சென்று ஒரு முத்தம் வைத்தாள்.

பெர்னார்ட் அசையவில்லை.

"என்னம்மா வேணும்?" என்றான். பழக்க தோஷம்.

"ஒண்ணுமில்ல. சும்மா."

இறங்கிவிட்டாள். அவன் அந்தக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான். அடி வாங்கியவன் போல நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்குள் இரண்டு பேர் துணி கேட்டார்கள், காதில் விழவில்லை.

வெளியே தூணருகே பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். செருப்பைச் சரி செய்தாகிவிட்டது. கைக்குட்டை எடுத்தாகிவிட்டது, மடித்து வைத்தாகிவிட்டது. குரல் வரவில்லை. முதுகு நேராகத்தான் இருந்தது, ஆனால் பையைப் பிடித்திருந்த கை இடம் மாறி இடம் மாறிப் பிடித்தது. எங்கள் வரிசையில் அவரை அவ்வளவு நேரம் யாரும் நிற்க விட்டதில்லை. திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று எங்களுக்கே பயமாகிவிட்டது.

நான் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அடுத்தவன் வாடிக்கையாளரைக் கூப்பிடுவது எங்கள் தெருவில் பெரிய குற்றம். வாயை மூடிக்கொண்டேன்.

அபிதான் பார்த்தாள். கடை வாசலில் நின்று அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடைபாதையில் ஓடிப்போய், பேச்சியம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க ஆன்ட்டி" என்றாள். "அப்பா கூப்புட மறந்துட்டாங்க."